எல்லோருக்கும் ஒத்துப்போன கஞ்சி

எல்லோரையும் திருப்திப்படுத்த நினைக்கிறவன் கையில் கரண்டியைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. சம்பவம் நடந்தபோது கரண்டி என் கையில்தான் இருந்தது.

அப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. ரங்கநாதன் தெருவில் இல்லை, அதற்கு அடுத்த சந்தில். (கேட்பவர்களிடம் ரங்கநாதன் தெரு என்றுதான் சொல்வோம். சந்து என்றால் முகூர்த்தப் பட்டு எடுக்க வரமாட்டார்கள்.) திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்ட குடும்பம். நான் தவழ்ந்ததே சேலைக் கட்டுகளுக்கு நடுவில்தான். "எலே, கடைக்கு வந்தவுக மொகம் கோணிரக் கூடாது" என்பதுதான் அப்பா சொல்லிக்கொடுத்த வியாபாரம். அது கடைக்குள் மட்டும் கடைப்பிடிக்க வேண்டிய விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆட்டோக்காரர் தவறான தெருவில் திரும்பிவிட்டால்கூட, அவர் மனம் நோகுமே என்று அங்கேயே இறங்கி, காசைக் கொடுத்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு நடந்து போகிறவனாக வளர்ந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சனி, ஞாயிறு காலைகளில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நானும் ரோஸ்லினும் பிள்ளைகளுக்கு வாலிபால் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தோம். 'நானும்' என்பது கொஞ்சம் அதிகம். பயிற்சி கொடுத்தது ரோஸ்லின். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பட்டினப்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அம்மா அங்கேயே மீன் விற்கிறார். கல்லூரிக் காலத்தில் ஒரே மைதானத்தில் ஆடிய பழக்கத்தில் நான் கூடவே ஒட்டிக்கொண்டேன். வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, ரோஸ்லினைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஆகியவை என் பொறுப்புகள். (கடைசிப் பொறுப்பை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.)

மயிலாப்பூர் மாடவீதிப் பிள்ளைகள், பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளைகள், அடையாறு அடுக்குமாடிப் பிள்ளைகள், எங்கள் தி.நகர் கடைக்காரர்களின் பிள்ளைகள் என்று பதினெட்டுப் பேர். எல்லோரும் பதின்வயது. வலைக்கு இரண்டு பக்கமும் கலந்து நின்று ஆடுவார்கள். ஆட்டம் முடிந்து டிபன் டப்பாவைத் திறக்கும்போது மட்டும் அவரவர் கூட்டம் அவரவர் பக்கம் ஒதுங்கிவிடும். இதை நான் கவனித்து வைத்திருந்தேன். கவனித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை முகாமுக்கு அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஏரிக்கரை. தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் கூடாரம், இரண்டு இரவு. "சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்" என்று கையைத் தூக்கினேன். எனக்கு அதுவரை சமைக்கத் தெரிந்தது வெந்நீர்.

ரோஸ்லின் மணலில் உட்கார்ந்து கால்விரலால் இரண்டு வட்டம் போட்டாள்.

"ரெண்டு அடுப்பு. ஒண்ணுல சாம்பார், பொரியல். இன்னொண்ணுல முட்டை, மீனு. யாருக்கு இன்னா வேணுமோ வாங்கித் துண்ணட்டும்."

"அப்ப ரெண்டு பந்தி ஆயிடுமே ரோஸ்லின்."

"ஆவட்டும். அதுக்கின்னா இப்போ?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்த ஊரில் மனிதர்களைப் பிரிப்பதே சாப்பாடுதான் என்றேன். நம் பிள்ளைகளாவது ஒரே பாத்திரத்தில் சமைத்து, ஒரே வட்டமாக உட்கார்ந்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிடட்டும், ஒருவர்கூட 'எனக்கு இது ஆகாது' என்று தள்ளி உட்காரக் கூடாது என்றேன். கடற்காற்றில் சட்டை படபடத்தது. மெரினாவில் ஒரு பீடம் காலியாக இருந்திருந்தால் ஏறி நின்றிருப்பேன்.

ரோஸ்லின் மணலில் போட்ட இரண்டு வட்டத்தையும் காலால் அழித்தாள். "உன் இஷ்டம்" என்றாள். (இந்த 'உன் இஷ்ட'த்தைப் பிற்காலத்தில் நன்றாகப் புரிந்துகொண்டேன். அது சம்மதம் அல்ல, முன்னெச்சரிக்கை.)

அன்று மாலையே வாட்ஸாப் குழுவில் கேட்டேன்: 'யாருக்கு எது ஆகாது?'

உலகத்தில் இதைப்போல ஆபத்தான கேள்வி கிடையாது. 'எது பிடிக்கும்' என்று கேட்டிருந்தால் பிரியாணி, தோசை என்று ஒரு பத்துப் பெயர் வந்திருக்கும். நான் கேட்டதற்கு மழை பொழிந்தது. மயிலாப்பூர் அக்ஷயா, "எங்காத்துல வெங்காயம், பூண்டு சேத்துக்க மாட்டோம் அண்ணா. வெளில சாப்ட்டாலும் அம்மா கண்டுபிடிச்சுடுவா" என்று குரல் பதிவே அனுப்பினாள். பாண்டி பஜாரில் கடை வைத்திருக்கும் ஜெயின் வீட்டுப் பெண் நிதிக்கு மண்ணுக்கடியில் விளைவது எதுவும் கூடாது. யூசுப், தெரிந்த கடைக் கறியாக இல்லாவிட்டால் வேண்டாம் என்றான். கறியை எடுத்தேன். கறியை எடுத்தபின் முட்டை மட்டும் எதற்கு என்று அதையும் எடுத்தேன். கார்த்திக்குக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. நெய், தயிர் போயிற்று. ஒருவனுக்குக் கோதுமை, இன்னொருத்திக்கு வேர்க்கடலை. ஒரு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, தன் மகனுக்கு வயிற்றுப்புண், மிளகாய் காட்டவே கூடாது என்றார். இன்னொரு அம்மாவின் பெண்ணுக்குப் புளி பட்டால் இருமல். ரோஸ்லினின் சித்தப்பா மகன் ஆன்டனி, "எனக்கு எல்லாம் ஓகேண்ணே. கத்திரிக்காய் மட்டும் வாணாம்" என்றான். கத்திரிக்காயையும் எடுத்தேன்.

ஒவ்வொன்றாக நீக்க நீக்க என் மனத்தில் ஒரு நிம்மதி பரவியது. கடைசியில் மிஞ்சியவை அரிசி, பாசிப்பருப்பு, சுரைக்காய், உப்பு. உப்பைப் பற்றியும் ஓர் அம்மா 'கொஞ்சமா' என்று எழுதியிருந்தார்.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தையில் ஒரு மூட்டைச் சுரைக்காய் வாங்கினேன். விற்ற அம்மா, "வீட்ல விசேஷமாப்பா?" என்று சிரித்தார். வேறு எதுவும் வாங்காமல் நான் மூட்டையைத் தூக்கியதும் சிரிப்பு போய், "இல்ல... துக்கமா?" என்றார்.

ரோஸ்லின் மூட்டையைத் திறந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரில கூட இத்தவிட நல்லா போடுவாங்க முத்து. நீ பசங்களுக்குச் சோறு போடறியா, இல்ல கம்ப்ளெய்ன்ட் வராம பாத்துக்கினு கீறியா?"

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு அப்போது புத்தி இருந்தது.

ஒரே பொருளை ஐந்து வேளை போட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே ஐந்து பெயர் வைத்திருந்தேன். முதல் நாள் இரவு கூட்டாஞ்சோறு. மறுநாள் காலை பொங்கல். மதியம் கிச்சடி. அதற்குப் பிறகு கஞ்சி, சூப். பொருள்கள் அவையேதான்; தண்ணீரின் அளவு மட்டும் மாறும்.

முதல் நாள், வெளிச்சம் இருக்கும்போதே அடுப்பை மூட்டினேன். ஏரிக்காற்று அடுப்பை அணைத்தது. கூடாரத் துணியை இழுத்து மறைப்புக் கட்டியபோது கூடாரம் சாய்ந்தது. கூடாரத்தை நிமிர்த்திவிட்டு வந்து பார்த்தால் அடியில் பிடித்து, மேலே அரிசி அரிசியாகவே இருந்தது. நன்றாகக் கிளறினேன். இப்போது தீய்ந்ததும் வேகாததும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது. ஒருவகையில் அதுதான் என் கொள்கையும்.

பதினெட்டுப் பேரும் ஒரே வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்ஷயாவுக்குப் பக்கத்தில் ஆன்டனி, அவனுக்குப் பக்கத்தில் நிதி, அடுத்து யூசுப். படம் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் முதல் வாயை எடுத்து வைத்தார்கள்.

ஆன்டனிதான் மெல்லக் கேட்டான். "அண்ணே, இது முடிஞ்சிட்சா, இல்ல இன்னும் எதுனா போடணுமா?"

"முடிஞ்சிடுச்சுடா."

"ஓ" என்றான்.

அக்ஷயா மயிலாப்பூர்ப் பெண், மரியாதை தெரிந்தவள். கொஞ்சம் யோசித்து, "நன்னா... சூடா இருக்கு அண்ணா" என்றாள்.

அடுத்த கரண்டி எடுத்துக்கொண்டு போனால் எல்லோரும் தட்டை மறைத்து, "போதும்ணா, வயிறு ஃபுல்" என்றார்கள். நான் அதை நம்பினேன். ஒரு புகார்கூட வரவில்லை என்று ரோஸ்லினிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தன் தட்டில் இருந்ததைத் தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பொங்கலைப் பரிமாறியபோது கார்த்திக் தட்டை உற்றுப் பார்த்தான். "அண்ணா, இது நேத்து சாப்பிட்டதுதானே?"

"இல்லப்பா. அது கூட்டாஞ்சோறு."

மிச்சத்தைத் தோப்புக்காரரின் மாட்டுக்கு வைத்தேன். அது சுரைக்காய்த் தோலைத் தின்றது. பொங்கலை முகர்ந்தது. பிறகு என்னைப் பார்த்தது. நானும் அந்தப் பொங்கலில் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. சமைக்கிறவனுக்குப் பசிக்காது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அன்று முற்பகல், ஏரிக்கரையின் அந்தப் பக்கத்துத் தோப்பில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாரணர் படை வந்து இறங்கியது. காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப். நாங்கள் மதிய ஆட்டத்தில் இருந்தபோது காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பியது. கூடவே சின்ன வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பிறகு சாம்பார். பிறகு உருளைக்கிழங்கு வறுவல். சர்வீஸ் போட வேண்டிய பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். வலைக்கு இரண்டு பக்கமும் இருந்த எல்லா முகங்களும் ஒரே திசையில் திரும்பின. ஒரு சாப்பாட்டால் பிள்ளைகளை ஒன்று சேர்க்க வேண்டும் என்ற என் ஆசை அந்த நிமிஷத்தில் நிறைவேறியது. அது என் சாப்பாடாக இல்லை, அவ்வளவுதான்.

"கிச்சடி ரெடி!" என்று குரல் கொடுத்தேன். தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்கள். ரோஸ்லின் தலைகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"மூணு பேரைக் காணோம். ஆன்டனி, அக்ஷயா, யூசுப்."

கை கழுவப் போயிருப்பார்கள் என்றேன். குழாயடியில் யாரும் இல்லை. கூடாரங்களிலும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. முகாம் விதிப்படி பிள்ளைகளின் கைபேசிகள் எல்லாம் ரோஸ்லினின் பையில் இருந்தன. அக்ஷயாவின் அம்மாவிடம் என்ன சொல்வேன்? வெங்காயம் போடாமல் பார்த்துக்கொண்டேன், பெண்ணைத்தான் தொலைத்துவிட்டேன் என்றா?

ரோஸ்லினின் முகம் வெளுத்திருந்தது. பெரிய பிள்ளைகள் இருவரிடம் மற்றவர்களை ஒப்படைத்து, தோப்புக்காரரையும் அங்கே நிற்கச் சொன்னாள். "நீ தோப்பு வழியா அந்தப் பக்கம் போ முத்து. நான் கரையோரமா போறேன். கெடச்சா ஒடனே ஃபோன் பண்ணு."

"கூப்பிட்டுட்டு அடுத்த நிமிஷம் வரேன்" என்று ஓடினேன்.

மாமரங்களுக்கு நடுவே விழுந்தடித்து ஓடி, வாய்க்காலைத் தாண்டி, அந்தப் பக்கத்துத் தோப்பில் போய் நின்றேன். சாரணர் பையன்கள் வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். காக்கி, காக்கி, காக்கி, நடுவில் எங்கள் வாலிபால் குழுவின் மஞ்சள் பனியன் மூன்று. எங்கள் முகாமின் தட்டுகளையே எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆன்டனி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். யூசுப் அப்பளத்தை நொறுக்கினான். அக்ஷயா சாம்பார்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள், விரல்களுக்கு நடுவே சின்ன வெங்காயம் பளபளத்தது. என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"ஆத்துல மட்டும் சொல்லிடாதீங்கோ அண்ணா."

கழுத்தில் விசில் தொங்க, பெரிய மீசையுடன் ஒரு மாஸ்டர் என்னை நோக்கி வந்தார். "வாங்க தம்பி! நீங்கதான் அந்த இயற்கை வைத்திய முகாம் நடத்துறவரா?"

"எந்த முகாம் சார்?"

"பசங்க சொன்னாங்க. காரம் கெடையாது, புளி கெடையாது, சுரைக்காய்தான் மருந்துன்னு. நல்ல விஷயந்தான். இருந்தாலும் வளர்ற புள்ளைங்க பாருங்க, மூஞ்சியப் பாத்ததும் மனசு கேக்கல." குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்கு என்ன வியாதி?"

அக்ஷயாவுக்குப் புரையேறியது. ஆன்டனி தட்டைப் பார்த்தபடியே முணுமுணுத்தான். "சார் யாருன்னு கேட்டாரு. இன்னா சொல்றதுன்னு தெரில. அதான் அப்டி சொல்டேன்."

கண்டிப்பான குரலில் 'எழுந்திருங்க' என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் நிறைய உமிழ்நீர்தான் இருந்தது. மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கும் வைத்தியம் நடக்குதா தம்பி? எலும்பும் தோலுமா இருக்கீங்களே. உக்காருங்க மொதல்ல."

"இல்ல சார், நான் இவங்களைக் கூப்பிட..."

"அட உக்காருங்கறேன்."

இலை விழுந்தது. சோறு விழுந்தது. அதன் நடுவே பள்ளம் தோண்டிச் சாம்பார் விழுந்தது. இவ்வளவு அன்பாகச் சொல்கிற மனிதரின் மனம் நோகக் கூடாது, ஒரே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வாய் உள்ளே போனதும் கண்ணில் நீர் வந்தது. உப்பு! புளி! இப்படியெல்லாம் பொருள்கள் உலகத்தில் இருக்கின்றன என்பதே எனக்கு மறந்திருந்தது. இன்னொரு முறை சோறு கேட்டேன். வறுவல் தானாக வந்தது. ரசத்துக்குக் கை குவித்தேன். சட்டைப் பையில் கைபேசி இருந்தது. அதை எடுத்து ஒரு பொத்தானை அழுத்த ஆகிற நேரத்தில் நான் அப்பளம் கேட்டு வாங்கினேன். அந்தச் சமயத்தில் ரோஸ்லின் என்று ஒருத்தி இருப்பதே என் மண்டையில் இல்லை. சாம்பார் மட்டும் இருந்தது.

திடீரென்று பக்கத்தில் பேச்சு அடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன்.

ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள். கைகளில் முழங்கைவரை ஏரிச் சேறு. ஒரு கையில் ஆன்டனியின் செருப்பு ஒரு ஜோடி.

பிள்ளைகளைப் பார்த்தாள். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என் இலையைப் பார்த்தாள். பாதி அப்பளம் என் வாயிலும் மீதி வெளியிலும் இருந்தது.

"கூப்புடப் போனியா, சாப்புடப் போனியா?"

சத்தமே இல்லாமல்தான் கேட்டாள். சாரணர் பையன் ஒருவன் சிரித்துவிட்டான். அவனை மாஸ்டர் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

ஆன்டனி எழுந்துவிட்டான். "அக்கா, சேறு ஒட்டிக்கிச்சின்னு கரைல அவுத்துப் போட்டேங்க்கா..."

அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அடுத்த நொடி அவன் தலையை இழுத்துத் தோளோடு அழுத்திக்கொண்டாள். விடவே இல்லை.

ஆன்டனியின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். ரோஸ்லினின் சொந்தச் சித்தப்பா. பட்டினப்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். அந்தப் பையனின் செருப்பைத் தண்ணீர் ஓரத்தில் அநாதையாகப் பார்த்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? தண்ணீருக்குள் இறங்கிக் கையால் துழாவியிருக்கிறாள். நான் ரசத்துக்குக் கை குவித்த நேரத்தில்.

மாஸ்டர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். "நீயும் உக்காரும்மா" என்றார்.

"மீதி பசங்கல்லாம் அங்க பசியோட கீறாங்க சார்" என்றாள்.

மாஸ்டர் விசிலை ஊதி, இரண்டு சாரணர் பையன்களை எங்கள் தோப்புக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் என் முகாமின் மிச்ச நோயாளிகளும் தட்டோடு வரிசையில் வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, சாம்பார் வாளியைப் பார்த்தார்கள். அக்ஷயா, நிதிக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வெறும் சோறும் அப்பளமும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு பசியோடு அத்தனை பேரும் 'வயிறு ஃபுல்' என்று எனக்காகப் பொய் சொல்லியிருந்தார்கள் என்பது அவர்கள் சாப்பிட்ட வேகத்தில் தெரிந்தது.

அன்று பிற்பகல் முழுவதும் பாத்திரம் தேய்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானே போய் உட்கார்ந்தேன். அடியில் கூட்டாஞ்சோறு, அதன்மேல் பொங்கல், அதன்மேல் கிச்சடி என்று மூன்று படலம். தேய்க்கும்போது எங்கள் கடையின் சாம்பல் நிறச் சேலைகள் ஞாபகம் வந்தன. 'பளிச்சுன்னு இருக்கு' என்றோ 'மங்கலா இருக்கு' என்றோ எந்தப் பெண்ணும் அவற்றைக் குறை சொன்னதில்லை. எந்தப் பெண்ணும் அவற்றை வாங்கியதும் இல்லை. ஆடித் தள்ளுபடிக்குப் பிறகும் அலமாரியின் அடித்தட்டில் அவைதான் கிடக்கும். வருஷக்கணக்காக அவற்றை மடித்து வைத்தவன் நான். ஆனாலும் பாருங்கள், பிள்ளைகளுக்கு அதையே ஐந்து வேளை சமைக்கத் திட்டமிட்டிருக்கிறேன்.

வெயில் தாழ்ந்ததும் ரோஸ்லின் வந்தாள். உடை மாற்றியிருந்தாள். என் இலையைப் பார்த்ததிலிருந்து என்னிடம் பேசிய இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னாள்.

"ரெண்டு அடுப்பு வை."

பிள்ளைகளே சமைத்தார்கள். தோப்புக்காரரிடம் இன்னொரு அடுப்பு இருந்தது. மாஸ்டர் வெங்காயம், தக்காளி, மிளகாய், முட்டை எல்லாம் கொடுத்தனுப்பினார். ஓர் அடுப்பில் நிதியும் அக்ஷயாவும் வெங்காயம் இல்லாத தக்காளிச் சாதம் செய்தார்கள். இன்னொன்றில் யூசுப் முட்டையை உடைத்து ஊற்றினான். வயிற்றுப்புண் பையன் மிளகாய் போடுமுன் தன் பங்கைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டான். அவ்வளவு சுலபமான வேலை அது. ஆன்டனி தன் பையின் அடியிலிருந்து, அவன் அம்மா காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்துச் சட்டியில் போட்டான். தோப்பு முழுவதும் அதன் வாசனை எழுந்தது.

அக்ஷயா அலறினாள். "ஐயோ, என்னடா இது! இதைப் போய் எப்பிடிடா சாப்பிடறே?"

"நீ துண்ணாத. மோந்து பாக்கறது ஃப்ரீதான்."

அவள் எழுந்து தள்ளிப் போய் உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன். மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தக்காளிச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூக்கடைத்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே இரண்டு அடுப்புக்கும் நடுவே தட்டோடு நடமாடினார்கள். வட்டம் என்று எதுவும் இல்லை. நான் படம் எடுக்கவும் இல்லை.

பிறகு ரோஸ்லினிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஃபோன் பண்ணியிருக்க வேண்டும் என்றேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நீ கெட்டவன் இல்ல முத்து. உனுக்கு எல்லாரும் வேணும். அதான் பிரச்சனையே. யாருனா ஒருத்தர் வேணும்னு இருந்தா, மொதல்ல யாருக்கு ஃபோன் பண்ணணும்னு தன்னால தெரிஞ்சிருக்கும்."

இந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு வழி திறந்திருந்தது என்பது சென்னைக்குத் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. புரிந்ததும் அவளுக்குத்தான் முதலில் ஃபோன் பண்ணினேன்.

அவள் ஏரிக்கரையில் கேட்ட கேள்வியைப் பிள்ளைகள் பட்டினப்பாக்கம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். நானே எங்கள் வீட்டில் சொல்லி மாட்டிக்கொண்டேன். என்னைப் பால் வாங்க அனுப்பினாலும், அக்கா பையனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர அனுப்பினாலும், அம்மா வாசலில் நின்று, "கூப்பிடப் போறியா, சாப்பிடப் போறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவாள்.

ரோஸ்லினைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அந்தக் கேள்வி வீட்டில் நின்றுபோனது. பேச்சே நின்றுபோனது. எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை என்ற சொல்லையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். மதம் வேறு, மீன் வேறு. அப்பா பல நாள் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியில், வருவதாக இரண்டு நாள் முன்பே ரோஸ்லின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"நானே நேர்ல போயி, அவுக மனசு நோகாம, இது முடியாதுன்னு பக்குவமாச் சொல்லிட்டு வாரேன். அங்கன பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார்.

போனவர் மதியம் ஆகியும் வரவில்லை. நான் ரோஸ்லினுக்கு ஃபோன் பண்ணினேன், அவள் எடுக்கவில்லை. அம்மா வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தாள். வெயில் இறங்கும் நேரத்தில் ஆட்டோவிலிருந்து அப்பா இறங்கினார். நடை தளர்ந்திருந்தது. வந்தவர் நாற்காலியில் சாய்ந்து, வேட்டி முடிச்சை லேசாகத் தளர்த்திக்கொண்டார்.

ரோஸ்லினின் அம்மா முந்தின நாளே புதுக் குக்கர், புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுத் தட்டு எல்லாம் வாங்கி, வீட்டைக் கழுவிவிட்டு, பக்கத்தில் ஒரு சைவ வீட்டு அம்மாவிடம் கேட்டுக் கேட்டுச் சமைத்து வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வத்தக்குழம்பு, அவியல், பருப்புப் பாயசம். தன் பழைய பாத்திரங்களையெல்லாம் அன்று ஒருநாள் அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாராம்.

அம்மா அப்பாவை உற்றுப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் பாயசத்தில் வறுத்துப் போட்ட திராட்சை ஒன்று ஒட்டியிருந்தது. பல நாள் கழித்து அம்மாவின் குரலில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"பேசப் போனியளா, சாப்பிடப் போனியளா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார்.

"பேசத்தாம்டி போனேன். வாய் நெறையச் சோத்த வச்சுக்கிட்டு முடியாதுன்னு எப்பிடிச் சொல்ல?"